அமைச்சர் நாற்காலி

14

"என்ன அமைச்சரே, இன்னிக்குச் சபை கூடலையா?"

கீழே தெருவிலிருந்து ரொட்டிக்கடை அபூ ஃபாரிஸ் குரல் கொடுத்தார். வேறு நாளாயிருந்தால் அபூ ஹைதம் சும்மா விட்டிருப்பாரா? "ரொட்டியில எள்ளைக் குறைச்சதுக்கு உன்னைத்தான் முதல்ல உள்ளே தள்ளப் போறேன்" என்று பால்கனியிலிருந்தே ஒரு போடு போட்டிருப்பார். இன்று கையை மட்டும் உயர்த்திவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியால் வந்த பட்டம்தான் அமைச்சர். தலைக்கு ஒரு தாங்கு, இடுப்புக்கு ஒரு தாங்கு, இரண்டு கைக்கும் மெத்தை, அடியில் ஐந்து சக்கரம். அஷ்ரஃபியா மலையில் வேறு எந்தப் பால்கனியிலும் இப்படி ஒன்று கிடையாது. முப்பத்தைந்து வருடம் அம்மான் நகரத்துக்கும் அகபா துறைமுகத்துக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டித் தேய்ந்துபோன இடுப்பு அவருடையது. மூன்று வருடமாக அந்த இடுப்பு வாயைத் திறக்கவில்லை என்றால் அது இந்த நாற்காலியின் புண்ணியம். "என் மகன் கொடுத்தது" என்று படியேறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். மாடிப்படி அவருடைய பால்கனியை ஒட்டித்தான் போகிறது. அவர் கண்ணில் படாமல் ஒரு கத்தரிக்காய்கூட மேல் மாடிக்குப் போக முடியாது.

மேல் மாடியில் அந்த மகன் ஹைதம். அவன் பெயரால்தான் அவர் அபூ ஹைதம், ஹைதமின் அப்பா. முப்பத்தெட்டு வயது. எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்தக் கம்பி எங்கே வளைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே. "உட்கார்ந்த இடத்துல சம்பாதிக்கிறான், மேல வெயில் படாது" என்று அதிலும் அவருக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு யார் கண் பட்டதோ.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி மன்ஸஃப் சாப்பிட உட்கார்ந்தபோது, ஹைதம் மட்டும் கரண்டி கேட்டான். மோர் ஊற்றிய சோற்றையும் ஆட்டுக்கறியையும் வலது கையால் உருட்டி வாயில் போட வேண்டிய சாப்பாடு அது. "என்னப்பா, வெள்ளைக்காரன் ஆயிட்டியா?" என்று அவர்தான் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் தேநீர்க் கோப்பை மகன் கையிலிருந்து நழுவி உடைந்தது. அதையும் கவனக்குறைவு என்றே நினைத்தார். தொழுகையின் முடிவில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் தொழவைத்தார், மகன் அவருக்கு வலப்பக்கம் இருந்தான். சலாம் சொல்லி முகத்தை வலப்பக்கம் திருப்பினார். தானும் திருப்ப வேண்டிய மகன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து அசையவில்லை. கண்கள் மட்டும் ஓரமாகப் போய்த் திரும்பின. அவற்றில் நீர் நின்றது.

நேற்று ஸ்கேன் எடுத்தாயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"மாமா, கிளம்பலாமா?"

மருமகள் சவ்ஸன் படியில் நின்றாள். கையில் ஸ்கேன் உறை. அவள் பார்வை ஒரு கணம் நாற்காலியில் விழுந்து, உடனே தெருப்பக்கம் போய்விட்டது. அதை அவர் கவனித்தார், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

பின்னாலேயே ஹைதம் இறங்கி வந்தான். கைப்பிடிச் சுவரை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

"அப்பா, நீங்க எதுக்கு? டாக்ஸியில போயிட்டு வந்துடறோம்."

"என் வீட்டு வாசல்ல வண்டி நிக்குது, என் மகன் டாக்ஸியில போறதா? ஊர் சிரிக்கும். ஏறு."

காரில் ஏறுவதற்கு அவன் பட்ட பாடு இருக்கிறதே! தலையைத் திருப்பாமல், உடம்பு முழுவதையும் ஒரே பலகையாகத் திருப்பி, மெதுவாக உள்ளே நுழைந்தான்.

"புதுப்பொண்ணு பல்லக்குல ஏறுற மாதிரி ஏறுறியே" என்றார். அவன் சிரித்தான். சிரிக்க வேண்டுமே என்று சிரித்த சிரிப்பு.

மலையிலிருந்து இறங்கி முச்சந்திக்கு வந்தபோது, வலப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்று வழியை மறைத்தது. ஓட்டுகிறவருக்கு வலப்பக்கத்து முன்னிருக்கையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் வலக்கண். அது அந்தக் காலத்திலிருந்து அவருடைய வண்டியின் சட்டம்.

"வலப்பக்கம் பாருப்பா. வருதா?"

"வரல அப்பா. போங்க."

போனார். காது கிழிகிற ஹாரனோடு ஒரு வேன் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. பின்னால் சவ்ஸன் அலறினாள். அபூ ஹைதம் பிரேக்கை மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது.

"யா அல்லாஹ்! பார்க்காமயே வாயால சொல்றியா? மூணு பேர் உசிரு வண்டிக்குள்ள இருக்கு! கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

ஹைதம் இடது கையால் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். உதட்டைக் கடித்திருந்தான்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பார்க்காமல் சொல்லவில்லை. அவனால் பார்க்க முடியவில்லை. முடியவில்லை என்று அப்பாவிடம் சொல்லவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் ஒவ்வொரு முச்சந்தியிலும் அவரே எட்டிப் பார்த்து ஓட்டினார்.

*

டாக்டர் லுப்னாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நரம்பு, முதுகெலும்பு வைத்தியம். ஸ்கேனை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலை ஹைதம் முன் நீட்டினாள்.

"பிடிங்க. நல்லா நசுக்குங்க, என் விரல் உடையாது."

இடது கையால் பிடித்தான். "ஆஹா, வலிக்குது" என்றாள்.

வலது கையால் பிடித்தான். பிடித்திருந்த விரலை அவள் சும்மா உருவிக்கொண்டாள். ஹைதமின் முகத்தில் வேர்வை பொடித்தது. எத்தனை பலத்தோடு அவன் பிடித்தான் என்று அந்த வேர்வை சொல்லியது.

அபூ ஹைதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாலு வயதில் கார் டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டிய கை அது.

"என் மேசைக்கிட்ட வந்து உட்காருங்க" என்றாள் டாக்டர். "வீட்டுல எப்படி வேலை பார்ப்பீங்களோ அப்படியே. எனக்காக நிமிர வேண்டாம்."

ஹைதம் உட்கார்ந்தான். சற்று நேரம் கூச்சத்தோடு நிமிர்ந்திருந்தான். பிறகு விரல்கள் விசைப்பலகையைத் தொட்டதும் உடம்பு தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்தான். முதுகு வளைந்தது. வலது தோள் காதுவரைக்கும் ஏறியது, மவுஸைப் பிடிக்கக் கை எட்டிப் போயிற்று, முகம் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது.

அபூ ஹைதமுக்கு அந்த உருவம் தெரியும். மலைப்பாதையில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டுகிறவன் இப்படித்தான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு ஓட்டுவான். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினாலே மறுநாள் எழுந்திருக்க முடியாது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"ஒன்பது... பத்து."

"நடுவுல எழுந்திருப்பீங்களா?"

"தொழுகைக்கு எழுந்திருப்பேன்."

"எங்க எழுந்திருக்கார்?" சவ்ஸன் குறுக்கே பாய்ந்தாள். "மதியத்து லுஹரையும் சாயங்காலத்து அஸரையும் ஒண்ணாச் சேர்த்துத் தொழுதுடறார், டாக்டர். அது பயணத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுத்த சலுகை. இவர் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் பயணம் போறாராம்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹைதமும் சிரித்தான். அபூ ஹைதம் சிரிக்கவில்லை. சமையலறையா?

"சமையலறையிலயா வேலை பார்க்கிறான்?" என்றார்.

"அங்கதான் மேசை இருக்குப்பா."

"மேசை இருக்கு. என்னத்துல உட்கார்றீங்க?" என்றாள் டாக்டர்.

"சாப்பாட்டு மேசை முக்காலி."

"மூணு வருஷமா?"

"...ஆமா."

டாக்டர் பேனாவை மூடினாள். "எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஹைதம். இது கழுத்து. உங்க கழுத்துல ரெண்டு இடத்துல ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது. கீழே இருக்கிறது பழசு. மேலே இருக்கிறது ரொம்ப மோசம். ஆமா, வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன ஆபீஸ் ஒரு நாற்காலி கொடுத்திருக்கணுமே? இந்த மாதிரி ஆபீஸ்லேர்ந்து நிறைய பேர் என்கிட்ட வர்றாங்க. எல்லாருக்கும் கொடுத்திருக்காங்க."

ஹைதம் மடித்து வைத்திருந்த காலை இறக்கித் தரையில் வைத்தான்.

"கொடுத்தாங்க" என்றான் ஹைதம். "உடைஞ்சுபோச்சு."

சவ்ஸன் சட்டென்று எழுந்தாள். ஸ்கேன் உறை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்காமலே வெளியே போய்விட்டாள்.

*

நடையின் கோடியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அபூ ஹைதம் பின்னாலேயே வந்தார். அவருக்கு மருமகள் அழுதால் தாங்காது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுக்கிற ஒரே கை அவளுடையது.

"எதுக்கும்மா அழறே? நாற்காலி உடைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம். இப்பவே போய் வாங்கலாம், வா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தொண்டையில் வைத்திருந்தது அந்த முகத்தில் தெரிந்தது.

"உடையல மாமா."

"பின்னே?"

"நல்லாத்தான் இருக்கு. உங்க பால்கனியில இருக்கு."

அபூ ஹைதம் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"சத்தியம் வாங்கியிருந்தார் என்கிட்ட. சொல்லக் கூடாதுன்னு. தனக்கு மிஞ்சித்தான் தானம்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்! சரி, அது போகட்டும், நமக்கு இன்னொண்ணு வாங்குவோம்னு சொன்னேன். 'படியில ஏத்தும்போது அப்பா பார்த்துடுவார், பார்த்தா விஷயம் புரிஞ்சுடும், புரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுவார்'னு சொல்லிட்டார். என்னை மன்னிச்சுடுங்க மாமா. நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவி உம் ஹைதம் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மேல் மாடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து ஹைதம் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். அவர் சும்மா போய் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இடுப்பில் யாரோ கை வைத்துத் தாங்கியது போல இருந்தது. "அடேயப்பா! அமைச்சர் நாற்காலி!" என்றார்.

"உங்களுக்கே அப்பா. எடுத்துக்கோங்க" என்றான் மகன்.

அது அந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஒரு பொருளை ஒருவர் நன்றாயிருக்கிறது என்றால், உடையவர் உங்களுக்கே என்று சொல்லியாக வேண்டும். உடனே புகழ்ந்தவர், "உரியவர்கிட்ட இருந்தாத்தான் அழகு" என்று சொல்லியாக வேண்டும். இரண்டு பேச்சும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். கைக்கடிகாரம், சட்டை, குழந்தையின் பொம்மை என்று வாழ்நாளில் ஆயிரம் தடவை அந்தப் பதிலைச் சொல்லியிருப்பார். தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. நாற்பது நாளில் முதல் தடவையாக உடம்பு எங்கோ சாய்ந்திருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. பேசாமல் உட்கார்ந்தே இருந்துவிட்டார். அடுத்த நாள் மகனே அதைக் கீழே தூக்கி வந்து பால்கனியில் போட்டான்.

பாவி மனுஷா, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்!

*

திரும்ப உள்ளே போனபோது டாக்டர் ஹைதமுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், அடியில் நாலு புத்தகம் வைத்தால் போதும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும், போன் வந்தால் நின்றுகொண்டு பேச வேண்டும்.

"அதெல்லாம் இனிமேலுக்கு. முதல்ல இந்தக் கை. இப்போதைக்கு வேலை கிடையாது. வலது கையால எதையும் தூக்காதீங்க. புதன்கிழமை அறுவை டாக்டர் வர்றார், அவர் பார்த்துட்டு முடிவு சொல்வார். அதுவரைக்கும் ஒண்ணை மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்." அவள் மூன்று பேரையும் பார்த்தாள். "இப்போ அழுத்தம் கைக்குப் போற நரம்புல. அது தண்டுவடத்துக்குப் போனா, இன்னொரு கையிலயும் பிடி போகும், நடை தள்ளாடும். அப்படி ஏதாவது தெரிஞ்சா புதன்கிழமைன்னு காத்திருக்காதீங்க. அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்கு வந்துடணும்."

"டாக்டர்" என்றார் அபூ ஹைதம். "ஒரு நல்ல நாற்காலி இருந்திருந்தா இது வந்திருக்காதா?"

ஹைதம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் எதையோ புரிந்துகொண்டவள்போல நிதானமாகப் பேசினாள். "நாற்காலி மட்டும்தான் காரணம்னு சொன்னா நான் பொய் சொல்றதா அர்த்தம், ஹாஜி. நல்ல நாற்காலியிலயும் பத்து மணி நேரம் அசையாம உட்கார்ந்தா இதே கதிதான். மனுஷ உடம்பு அசையறதுக்குத்தான் இருக்கு. இவர் எழுந்திருக்கவே இல்லை, அதுதான் பெரிய தப்பு. ஆனா..."

"ஆனா?"

"ஆனா உதவியிருக்கும்."

*

திரும்பி வரும்போது மலையேறும் வழியில், தேநீர் வண்டி நிற்கிற திருப்பத்தில், அபூ ஹைதம் காரை ஓரம் கட்டினார்.

"இறங்குப்பா. வண்டிக்கு ஓய்வு."

"வீட்டுக்கு அஞ்சு நிமிஷம்தானே அப்பா?"

"இறங்குன்னா இறங்கு."

ஹைதமுக்கு அந்த வார்த்தை தெரியும். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அப்பாவோடு அகபாவுக்குப் போகும்போது பாதி வழியில் இப்படித்தான் நிறுத்துவார். "வண்டி சூடாயிடுச்சு, எல்லாரும் இறங்குங்க" என்பார். பயணிகள் முணுமுணுப்பார்கள். வண்டி ஒருநாளும் சூடானதில்லை. இறங்கி இடுப்பை இரண்டு தடவை வளைத்து நிமிர்த்தி, டயரைச் சும்மா உதைத்துப் பார்த்துவிட்டு ஏறுவார். ஓய்வு அவருக்குத்தான். அந்த நிறுத்தம் இல்லாமல் முப்பத்தைந்து வருடம் ஓட்டியிருக்கவே முடியாது.

சவ்ஸன் காரிலேயே இருந்தாள். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு தேநீரோடு தடுப்புச் சுவரோரம் நின்றார்கள். கீழே அம்மான் முழுவதும் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"எனக்கு வழிநெடுக நிறுத்தத் தெரிஞ்சுது" என்றார். "மேல் மாடியில ஒருத்தன் மூணு வருஷமா நிறுத்தாம ஓடிக்கிட்டிருக்கான்னு தெரியல."

"அப்பா, அவ ஏதோ ஆத்திரத்துல சொன்னா. அதைப் போய்..."

"ஏம்பா சொல்லல? 'அது ஆபீஸ் நாற்காலி, எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தை. நான் என்ன அடிச்சிருப்பேனா?"

ஹைதம் தேநீரை இடது கையால் பிடித்திருந்தான்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்கப்பா" என்றான்.

"என்னது?"

"அம்மா போனதுக்கப்புறம் நீங்க சாப்பிடல, பேசல. ராத்திரி கீழேருந்து நீங்க நடக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அன்னிக்கு அதுல உட்கார்ந்து 'அமைச்சர் நாற்காலி'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எழுந்திருங்கன்னு எப்படிப்பா சொல்வேன்?"

அபூ ஹைதம் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். தேநீர்க்காரன் பார்க்கிறானே என்றெல்லாம் தோன்றவில்லை. அறுபத்தொன்பது வயதில் நடுத்தெருவில் அழுதார்.

"இன்னிக்கே எடுத்துக்கோ."

"கொடுத்தது கொடுத்ததுதான். உங்க இடுப்பு என்னாவது? எனக்கு வேற வாங்கிக்கிறேன்."

"உன் கையைவிட என் இடுப்பு பெரிசா?"

"பெரிசுதான்" என்றான் மகன். அந்தப் பிடிவாதம் அப்படியே அவன் அம்மாவுடையது.

*

வீட்டுக்கு வந்ததும் ஹைதம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அபூ ஹைதம் பால்கனிக்குப் போனார். நாற்காலியை உருட்டிப் படிவரைக்கும் கொண்டுவந்து, தூக்குவதற்காகச் சாய்த்தார். சாய்த்தபோதுதான் இருக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரம் கிழிந்து மங்கிப்போயிருந்தாலும் எழுத்து தெரிந்தது. ஏதோ எண், அதன் கீழே மகனுடைய முழுப்பெயர். ஹைதம், தந்தை பெயர், குடும்பப் பெயர்.

மூன்று வருடமாக மகன் பெயரின் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியாக ஏற்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றினார். ஆறாவது படியில் இடுப்பு பழைய வலியை ஞாபகப்படுத்தியது. பத்தாவது படியில் கத்தியே விட்டது. யாரையும் கூப்பிடவில்லை.

கதவைத் திறந்த சவ்ஸன் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு ஹைதமும் எழுந்து வந்தான்.

"அப்பா! உங்களுக்கென்ன பைத்தியமா? இந்த இடுப்போட..."

அபூ ஹைதம் மூச்சிரைக்க நின்றார். நாற்காலியை மகன் பக்கம் தள்ளினார்.

"உரியவர்கிட்ட இருந்தாத்தான் அழகு" என்றார். மூன்று வருடம் தாமதமாக வந்த பதில். "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். உட்காருப்பா. என் கண் முன்னால உட்காரு."

ஹைதம் மறுக்க வாயெடுத்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். மெதுவாக உட்கார்ந்தான். முதுகு நிமிர்ந்தது, தோள் தாழ்ந்தது, இரண்டு பாதமும் தரையில் படிந்தன. தலை பின்னால் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"நீங்க சிரிச்சது சும்மா இல்லப்பா" என்றான்.

சவ்ஸன் தேநீர் வைக்கப் போனாள். "எனக்கு வேணாம்மா, அவனுக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார்.

பால்கனி வெறிச்சென்றிருந்தது. சக்கரம் நின்ற இடத்தில் ஐந்து வட்டத் தடம். குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இடுப்பு குத்தத் தொடங்கியது. குத்தட்டும் என்று இருந்தார். மூன்று வருடமாகத் தன் வலியை மகனிடம் கொடுத்துவைத்திருந்தார். இப்போது அது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதானே? புதன்கிழமைக்குள் அந்தக் கையில் கொஞ்சம் பிடி வந்துவிட்டால் போதும். இந்த வலியை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்.

கடையை அடைத்துக்கொண்டிருந்த அபூ ஃபாரிஸ் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அமைச்சரே! நாற்காலி எங்கே?"

"பதவி போச்சு, அபூ ஃபாரிஸ்."

"அடடா! யார் கவிழ்த்தது?"

"நானேதான் கவிழ்த்தேன்" என்றார். ரொட்டிக்கடைக்காரர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அபூ ஹைதமுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. மனசு கொஞ்சம் இலேசானது போல இருந்தது.

அப்போது மேலே கோப்பை உடைகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை கேட்ட அதே சத்தம். அபூ ஹைதம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கோபம்தான் முதலில் வந்தது. வலது கையால் எதையும் எடுக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாளே! கேட்கிறானா பார்!

படியில் சவ்ஸன் ஓடி வருகிற சத்தம். காலில் செருப்பில்லை.

"மாமா! வண்டிச் சாவி! வண்டிச் சாவியை எடுங்க!"

"கோப்பைதானே விழுந்துச்சு? எதுக்கு வலது கையால எடுத்தான்? அவனுக்கு எத்தனை தடவை சொல்றது?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எடுக்கல மாமா. நீங்க உட்கார வெச்ச மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில இருந்துச்சு." அவளுக்கு மூச்சு முட்டியது. "இடது கையிலேருந்துதான் விழுந்துச்சு."